பாறைக்குள் கேட்ட குரல்

வேட்டை என்றவுடன் நம் மனக்கண்முன் தோன்றுபவை குறிபார்க்கும் கண்ணும், விரைந்தோடும் காலும், சீறிப் பாயும் குண்டுமே. ஆனால், கண்ணுக்கு ஏறக்குறைய வேலையே கொடாமல், செவியை மட்டுமே நம்பி நடைபெறும் வேட்டை ஒன்றும் உலகில் உண்டு. வட அமெரிக்க மலைநாட்டு மக்கள் நள்ளிரவில் தம் நாய்களைக் காட்டுக்குள் அவிழ்த்துவிட்டு, விளக்கையும் அணைத்துவிட்டு, குளிரில் அமைதியாக அமர்ந்திருப்பார்கள். தொலைவிலிருந்து வரும் குரைப்பொலி ஒன்றே அவர்களுக்குச் செய்தி. எந்த நாய் குரைக்கிறது, எங்கே குரைக்கிறது, என்ன கண்டு குரைக்கிறது என்பதை அவர்கள் ஒலியைக் கொண்டே அறிந்துகொள்வார்கள். ரக்கூன் என்னும் விலங்கை நாடிச் செய்யப்படும் இவ்வேட்டையை, மிசௌரி மாநிலத்தின் தென்பகுதியில் குடியிருக்கும் நாங்கள் அருகிருந்து காணும் வாய்ப்பைப் பெற்றோம். கண்டதையும், அதனால் எங்கள் இல்லத்தில் எழுந்த எண்ணங்களையும் வாசக அன்பர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

முகமூடி அணிந்த விலங்கு

ரக்கூன் நம் நாட்டில் இல்லாத விலங்கு. நம் ஊர் மரநாயைவிடப் பருத்த உடல். அடர்ந்த சாம்பல் நிற மயிர். வளையம் வளையமாகக் கோடிட்ட வால். கண்களைச் சுற்றி முகமூடி கட்டியதுபோன்ற கறுப்புப் பட்டை. வளர்ந்த விலங்கு பெரும்பாலும் 4 முதல் 9 கிலோ வரை எடையிருக்கும். அதன் முன்னங்கால்களில் ஐந்து விரல்கள் கைவிரல்களைப் போலவே அமைந்துள்ளன. நீருக்குள் கையை விட்டுத் துழாவி நண்டையும் கூனிறாலையும் பிடிக்கும், தாழ்ப்பாளையும் திறந்துவிடும். வர்ஜீனியாக் கரையோரம் வாழ்ந்த போஹாட்டன் மக்கள், கையால் தேய்ப்பது அல்லது பிறாண்டுவது என்னும் பொருள்பட இதற்கு இட்ட பெயரே ஆங்கிலத்தில் ரக்கூன் எனத் திரிந்தது. உணவை நீரில் தோய்க்கும் இதன் வழக்கத்தைக் கண்ட அறிஞர்கள், கழுவுவது என்று பொருள்படும் 'லோட்டோர்' என்ற இலத்தீன் சொல்லை இதன் அறிவியல் பெயரில் சேர்த்தனர்.

இவ்விலங்கின் பகல் உறைவிடம் மரப்பொந்து. பாறைநாட்டிலோ, பாறைப் பிளவும் அதற்கு வீடாகும். ஓசார்க் எனப்படும் எங்கள் மலைநாடு மிசௌரியின் தென்பகுதியிலும் ஆர்கன்சா மாநிலத்தின் வடபகுதியிலும் பரந்து, ஓக்லஹோமாவின் வடகிழக்கையும் தொட்டுக் கிடக்கிறது. மலைகள் பெரிதும் உயர்ந்தவை அல்ல. ஆயினும் அடியிலுள்ள சுண்ணாம்புப் பாறையை மழைநீர் நெடுங்காலமாகக் கரைத்துக் கரைத்து, நிலம் முழுவதையும் பொந்தும் பிளவும் குகையுமாக ஆக்கி வைத்திருக்கிறது. மிசௌரியில் மட்டும் 7,000க்கும் மேற்பட்ட குகைகள் கணக்கிடப்பட்டுள்ளன. ஓடைகளின் இருமருங்கும் செங்குத்தான பாறைச் சுவர்கள் நிற்கின்றன. பகலிலேயே கால் வைக்கத் தயங்கும் இடங்கள் அவை. அங்கேதான் இரவில் வேட்டை நடைபெறுகிறது.

குரலால் பேசும் நாய்கள்

நம் சிப்பிப்பாறை நாய் இரையைக் கண்ணால் கண்டு, வாய் திறவாமல் பாய்ந்து செல்வது. இந்நாட்டு ரக்கூன் வேட்டை நாய்களோ மூக்கால் தேடிக் குரலால் அறிவிப்பவை. பிளாக் அண்ட் டான், ப்ளூடிக், ரெட்போன், ட்ரீயிங் வாக்கர், இங்கிலீஷ், ப்ளாட் என அவற்றில் ஆறு இனங்கள் பெயர்பெற்றவை. ஜெர்மானிய வழிவந்த ப்ளாட் நீங்கலாக, ஏனையவை பெரும்பாலும் இங்கிலாந்து, பிரான்சு நாடுகளின் வேட்டை நாய்களிலிருந்து தோன்றியவை. தொங்கும் காதுகள், ஆழ்ந்த மார்பு, காதத்தொலைவு கேட்கும் குரல் ஆகியவை அவற்றின் இலக்கணம்.

மோப்பம் கிடைத்தவுடன் நாய் நீட்டி முழங்கும். அது கோயில் மணியின் ஓசைபோல் நெடிது இழுபட்டு வரும். விலங்கு மரத்தில் ஏறிவிட்டதென நாய் உறுதி கொண்டதும் குரல் மாறிவிடும். அடிமரத்தில் முன்னங்கால்களை ஊன்றிக்கொண்டு, கோடரியால் விறகு பிளப்பதுபோலத் துண்டு துண்டாகக் குரைக்கும். முதற்குரல் 'தேடுகிறேன்' என்பது. இரண்டாங்குரல் 'கண்டேன், வாருங்கள்' என்பது. விலங்கோ எளிதில் அகப்படுவதன்று. அது ஒரு மரத்தில் ஏறி, கிளைவழியே அடுத்த மரத்துக்குத் தாவி இறங்கிப் போய்விடும். ஓடைநீரில் நடந்து மோப்பத்தை அழிக்கும். ஆகவே வெறும் மரத்தைப் பார்த்துக் குரைக்கும் நாய்களும் உண்டு. 'தவறான மரத்தைப் பார்த்துக் குரைத்தல்' என்று ஆங்கிலத்தில் வழங்கும் மரபுத்தொடர் இவ்வேட்டையிலிருந்து பிறந்ததே.

பாறைநாட்டில் இதற்கு மேலும் இரு இடையூறுகள் உண்டு. உலர்ந்த கல்லில் மோப்பம் தங்காது என்பது ஒன்று. பாறைச் சுவர்கள் குரலை எதிரொலித்துத் திசையை மாற்றிக் காட்டும் என்பது மற்றொன்று. கிழக்கே குரைக்கும் நாய் மேற்கே குரைப்பதாகத் தோன்றும். அங்கே பொறுமையாகக் கேட்கத் தெரியாதவன் இரவு முழுவதும் வீணே அலைவான்.

இரவையே நாடியவர்கள்

இவ்வேட்டை ஏன் இரவில் நடைபெறுகிறது? ரக்கூன் இரவில் நடமாடும் விலங்கு என்பது ஒரு காரணம். வரலாறு இன்னொரு காரணத்தையும் கூறுகிறது. அமெரிக்கத் தென்மாநிலத் தோட்டங்களில் அடிமைகளாக்கப்பட்டிருந்த கறுப்பின மக்களுக்குப் பகல் முழுவதும் உழைப்பு. இரவு மட்டுமே சொந்தம். அளந்து போடப்பட்ட உணவு போதாத நிலையில், அவர்கள் இரவில் நாயோடு காட்டுக்குள் சென்று ரக்கூனையும் ஒபாசத்தையும் பிடித்துத் தம் பிள்ளைகளுக்கு இறைச்சி கொண்டுவந்தனர். அம்மக்கள் வாழ்ந்த குடிசைகளின் இடங்களை அகழ்ந்தோர் இவ்விலங்குகளின் எலும்புகளைக் கண்டெடுத்துள்ளனர். மலைநாட்டு ஏழை உழவர்களுக்கும் இது பொழுதுபோக்காக இருந்ததில்லை. இறைச்சி அடுப்புக்கும், தோல் கடைக்கும் சென்றன.

எங்கள் அண்டை வீட்டுப் பெரியவர் அத்தகைய உழவர் குடும்பத்தில் பிறந்தவர். எங்கள் பிள்ளைகள் அவரைத் 'தாத்தா' என்றே அழைப்பர். அச்சொல்லின் பொருளைக் கேட்டறிந்த நாள்முதல் அவரும் தம்மை அப்படியே கூறிக்கொள்வார். 1970களில் ரக்கூன் தோலின் விலை வெகுவாக ஏறியிருந்தது. "என் மூன்று பிள்ளைகளின் பள்ளிக் காலணிகளும் இந்த நாய்களின் தாய்வழிப் பாட்டிகள் வாங்கிக் கொடுத்தவைதாம்" என்று அவர் எங்களிடம் கூறியதுண்டு. 1980களின் இறுதியில் தோல் வாணிகம் சரிந்தது. அன்றிலிருந்து அவர் துப்பாக்கியை எடுத்துச் செல்வதில்லை. நாய்களை அவிழ்த்துவிடுவார், கேட்டுக்கொண்டிருப்பார், மரத்தடிக்குச் சென்று விளக்கை உயர்த்தி, கிளைகளுக்கிடையே மின்னும் இரு கண்களைக் காண்பார், நாய்களைத் தட்டிக்கொடுத்து அழைத்து வந்துவிடுவார். இன்று இவ்வாறு செய்வோர் பலர் உளர்.

பிளவினுள் ஓர் உயிர்

ஒரு நவம்பர் மாதத்து இரவில் பெரியவர் எங்களைக் குடும்பத்தோடு அழைத்துச் சென்றார். முதல்நாள் பெய்த மழையால் நிலம் ஈரமாக இருந்தது. அது மோப்பத்துக்கு ஏற்ற இரவு. அவரிடம் இரு நாய்கள் இருந்தன: பத்து வயதுப் பெண்நாய் ஒன்று, இரண்டு வயது ஆண்நாய் ஒன்று. அவிழ்த்துவிட்ட கால் மணி நேரத்தில் பெண்நாயின் நீண்ட குரல் ஓடைப்பக்கம் எழுந்தது. பெரியவர் தொப்பியைக் கழற்றிக் காதுகளை விடுவித்துக்கொண்டார். "பழைய தடம். மெல்லத்தான் போகிறாள்" என்றார். பின்னர், "இப்போது தடம் புதிதாகிவிட்டது, இளையவனும் சேர்ந்துகொண்டான்" என்றார். எங்கள் செவிகளுக்கோ இரண்டும் ஒரே குரைப்பாகவே கேட்டன.

குரல்கள் மலைச்சரிவில் ஏறி, பாறைச் சுவரை அடைந்தன. மரத்தடிக் குரைப்பை எதிர்பார்த்து நாங்கள் எழுந்தோம். இளைய நாயின் குரல் மட்டும் வெட்டவெளியில் ஒலித்தது. முதிய நாயின் குரல் போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் அமுங்கி ஒலித்தது. பெரியவரின் முகம் மாறியது. "பாறைக்குள் போய்விட்டாள்" என்றார். இக்காலத்தில் நாய்களின் கழுத்தில் கட்டும் பட்டை, செயற்கைக்கோள் உதவியால் அவை இருக்கும் இடத்தைக் கையடக்கக் கருவியில் காட்டிவிடும். ஆனால் பாறைக்கு அடியில் அப்பட்டை ஊமையாகிவிடும். கருவி பாறைச் சுவரருகே கடைசி இடத்தைக் காட்டியதோடு நின்றுவிட்டது. அதற்குமேல் செவியே துணை.

சறுக்கும் கற்களில் ஏறி அவ்விடம் சேர ஒரு மணி நேரம் ஆயிற்று. முழங்கால் உயரத்தில் ஒரு பிளவு. ஆள் நுழைய முடியாத குறுகிய வாய். ரக்கூன் அதனுள் புகுந்திருக்கிறது; நாய் தொடர்ந்து புகுந்து, எங்கோ ஒரு திருப்பத்தில் நெருக்குண்டு, முன்னும் செல்லவியலாமல், பின்னும் வரவியலாமல் மாட்டிக்கொண்டிருக்கிறது. பெரியவர் ஈரப் பாறையில் குப்புறப் படுத்து, பிளவில் வாயை வைத்துப் பெயர் சொல்லி அழைத்தார். உள்ளிருந்து ஒரு சிறு முனகல் பதிலாக வந்தது. எங்கள் பிள்ளைகள் எங்கள் கைகளை இறுகப் பற்றிக்கொண்டனர்.

பிள்ளைகளை வீட்டிற்கு அனுப்பிவிட்டு நாங்கள் அங்கேயே தங்கினோம். விடிவதற்குள் அண்டை அயலார் கடப்பாரை, சம்மட்டி, உளிகளோடு வந்துவிட்டனர். பெரியவரின் மனைவி சூடான காப்பியோடு மலையேறி வந்தார். நண்பகல்வரை கல்லை உடைத்தும் ஒரு முழம்கூட முன்னேற இயலவில்லை. அப்போது மேலிருந்த பெரும் பலகைக்கல் சற்றே அசைந்தது. மண் உள்ளே சரிந்து விழும் ஓசை கேட்டது. பெரியவர் கையை உயர்த்தி வேலையை நிறுத்தினார். "இன்னும் இரண்டு அடி அடித்தால் அவள்மேலேயே கல்லை இறக்கிவிடுவோம். இனி அடிக்க வேண்டா" என்றார். உடைத்தே தீரவேண்டும் என்று சிலர் வாதிட்டனர். ஏதும் செய்யாமல் சும்மா இருப்பதைவிடக் கடினமான செயல் வேறில்லை என்பதை அன்று கண்டோம்.

வேட்டைக்காரர்களிடையே ஒரு பழைய வழக்கம் உண்டு. காட்டில் நாய் திரும்பாவிட்டால், அதை அவிழ்த்துவிட்ட இடத்தில் தம் மேலங்கியை விரித்துவிட்டு வீடு திரும்புவர். மறுநாள் காலையில் நாய் பெரும்பாலும் அவ்வங்கியின்மேல் படுத்திருக்கும். தலைவனின் மணம் இருக்குமிடம் அதற்கு வீடு. பெரியவர் தம் மேலங்கியைக் கழற்றிப் பிளவின் வாயில் வைத்தார். "உடல் சற்று மெலிந்தால், பதற்றம் அடங்கினால், வந்த வழியே பின்னோக்கி வருவாள். நாம் இங்கே இரைச்சலிட்டால் மேலும் உள்ளேதான் செல்வாள்" என்று கூறி அனைவரையும் கீழே அனுப்பினார். தாம் மட்டும் இருபது அடி தள்ளி ஒரு கம்பளியைப் போர்த்திக்கொண்டு அமர்ந்தார். மணிக்கொருமுறை அவர் மெல்ல அழைப்பார். உள்ளிருந்து பதில் வரும். மாலையில் பதில் தேய்ந்தது. நள்ளிரவுக்குப்பின் பதிலே இல்லை. ஆயினும் அவர் அழைப்பதை நிறுத்தவில்லை என்று, துணைக்கிருந்த அவருடைய மகன் பின்னர் எங்களிடம் கூறினார்.

இரண்டாம் நாள் விடியற்காலையில் நாங்கள் உணவு எடுத்துக்கொண்டு மலையேறினோம். மேலங்கியின்மேல் அந்த முதிய நாய் படுத்திருந்தது. நகங்கள் தேய்ந்து குருதி கசிந்திருந்தன. விலாவில் மயிர் உரிந்திருந்தது. பெரியவர் அதன் தலையை மடியில் வைத்து, உள்ளங்கையில் நீரூற்றிச் சிறிது சிறிதாகக் குடிக்கவைத்துக்கொண்டிருந்தார். "ரக்கூன் என்ன ஆயிற்று?" என்று எங்கள் மகன் கேட்டான். "அது வேறு வாசல் வழியாகப் போயிருக்கும். அதுவும் தன் வீட்டிற்குத்தானே ஓடியது, பிள்ளாய்" என்றார் அவர்.

கூட்டலும் கழித்தலும் வட்டமும்

இந்நாட்டில் இவ்வேட்டை போட்டியாகவும் நடத்தப்படுகிறது. 1898இல் தொடங்கப்பட்ட யுனைடெட் கென்னல் கிளப் என்னும் சங்கம் இதற்கு விதிகள் வகுத்துள்ளது. போட்டியில் விலங்கைக் கொல்லுதல் கூடாது. நான்கு பேர் நான்கு நாய்களை இருளில் அவிழ்த்துவிடுவர். தன் நாயின் முதற்குரலைக் கேட்டவுடன் அவரவர் உரக்க அறிவிக்க வேண்டும். முதலில் அறிவித்தவருக்கு 100 புள்ளி. அடுத்தடுத்தவர்களுக்கு 75, 50, 25. பிறர் நாயின் குரலைத் தன் நாயின் குரலென மயங்கியவன் தோற்பான்.

மரத்தடியில் விளக்கேற்றிப் பார்க்கும்போது விலங்கு தென்பட்டால் புள்ளிகள் கூட்டப்படும். மரம் வெறுமையெனத் தெளிவாகத் தெரிந்தால் கழிக்கப்படும். மரத்தில் பொந்து இருந்தாலோ, இலை அடர்ந்திருந்தாலோ, விலங்கு உள்ளே இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அந்நிலையில் புள்ளியைச் சுற்றி ஒரு வட்டமிட்டு வைத்துவிடுவர். அது கூட்டலும் அன்று, கழித்தலும் அன்று. கண்ணுக்குப் புலப்படாத ஒன்றைப்பற்றி நாயைப் பொய்யன் என்று சொல்ல மாட்டார்கள். படிப்பறிவு மிகுதியாக இல்லாத மலைநாட்டு உழவர்கள் வளர்த்துவைத்த இந்நீதி எங்கள் உள்ளத்தைத் தொட்டது. நம் இல்லங்களில் பிள்ளைகளின் சொல்லுக்கும் செயலுக்கும் நாம் எத்துணை விரைவாகக் கழித்தல் குறி இடுகிறோம்! வட்டமிட்டு வைக்க வேண்டியவை எத்தனையோ உள அல்லவா?

நாய்களுக்கோர் இடுகாடு

அலபாமா மாநிலத்தின் வடமேற்கிலுள்ள கோல்பர்ட் மாவட்டத்தில், காட்டின் நடுவே, ரக்கூன் வேட்டை நாய்களுக்கென்றே ஓர் இடுகாடு உள்ளது. கீ அண்டர்வுட் என்பவர் 1937 செப்டம்பர் 4 அன்று, 'ட்ரூப்' என்னும் தம் நாயை, தாமும் தம் நண்பர்களும் கூடிய வேட்டை முகாமிலேயே புதைத்தார். பருத்திச் சாக்கில் சுற்றி மூன்றடி ஆழத்தில் அடக்கம் செய்து, பழைய புகைபோக்கிக் கல் ஒன்றில் சம்மட்டியும் திருப்புளியும் கொண்டு பெயரைப் பொறித்தார். பின்னர் மற்றவர்களும் தம் நாய்களைக் கொண்டுவந்தனர். இன்று அங்கே 300க்கும் மேற்பட்ட நாய்கள் துயில்கொள்கின்றன. வேறு இன நாய்களுக்கு அங்கு இடமில்லை. செப்டம்பர் மாதத் தொழிலாளர் தினத்தன்று குடும்பங்கள் கூடி, பாட்டும் விருந்துமாக அந்நாளைக் கொண்டாடுகின்றன. தகரத்தில் எழுதிய பெயர்களும் உண்டு. மரப்பலகையில் செதுக்கியவையும் உண்டு.

இந்நாய்களைப் பற்றிய புகழ்பெற்ற புதினம் ஒன்றும் எங்கள் மலைநாட்டையே களமாகக் கொண்டது. ஓக்லஹோமாவில் ஏழைக் குடும்பத்தில் பிறந்த வில்சன் ராவ்ல்ஸ், தம் கல்விக் குறைவுக்கு நாணி, எழுதிவைத்த கைப்படிகளையெல்லாம் திருமணத்துக்குமுன் எரித்துவிட்டார். பின்னர் உண்மையை மனைவியிடம் கூறினார். அம்மையார் ஊக்கமூட்டவே, இரு வேட்டை நாய்களையும் ஒரு சிறுவனையும் பற்றிய கதையை நினைவிலிருந்து மீண்டும் எழுதினார். 1961இல் வெளிவந்த அந்நூலை இன்றும் அமெரிக்கப் பள்ளிப் பிள்ளைகள் கண்ணீரோடு படிக்கின்றனர். சாம்பலான கதையை மீட்டது, கணவரின் குரலை ஒரு மனைவி கேட்டறிந்ததே எனலாம்.

எங்கள் இல்லத்தில் எழுந்த வினா

ஓர் உயிரை அச்சுறுத்தித் துரத்துவது முறையா என்னும் வினாவை எங்கள் மகள் எழுப்பினாள். எளிதில் தள்ளிவிடக்கூடிய வினா அன்று அது. இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடை செய்துள்ளது. இங்கோ ரக்கூன் பெருகிக் கிடக்கிறது. சோள வயலை அழிக்கிறது. நகரத் தெருக்களிலும் குடிபுகுந்துவிட்டது. ஆகவே உரிமம் பெற்று, குறித்த பருவத்தில் வேட்டையாடச் சட்டம் இடமளிக்கிறது. சட்டம் இடமளிப்பதெல்லாம் நெஞ்சுக்கு ஏற்றதாகிவிடுமா? 1926இல் மிசிசிப்பியிலிருந்து ஒருவர், நன்றியறிதல் திருநாள் விருந்துக்கெனக் குடியரசுத் தலைவர் கூலிட்ஜுக்கு உயிருள்ள ரக்கூன் ஒன்றை அனுப்பினார். அவர் குடும்பத்தார் அதை உண்ண மனமின்றி, 'ரெபெக்கா' எனப் பெயரிட்டு வெள்ளை மாளிகையிலேயே வளர்த்தனர். பெயரிட்டு அழைத்த உயிரை இலையில் இட எவருக்கு மனம் வரும்?

இவ்வினாவைப் பெரியவரிடமே எங்கள் மகள் கேட்டாள். அவர் சினங்கொள்ளவில்லை. "உன் கேள்வி நியாயமானது, அம்மா. பசித்தபோது கொன்றேன், பசி தீர்ந்தபின் கொல்லவில்லை. இப்போது நான் காட்டுக்குப் போவது இவள் குரலைக் கேட்க" என்றார். எங்கள் மகளுக்கு அவ்விடை முழு நிறைவைத் தரவில்லை. துரத்தப்படும் விலங்கின் அச்சம் அச்சமே என்பாள். எங்களுக்கும் அதனை மறுக்கச் சொல் இல்லை. அவ்வினாவை வட்டமிட்டு வைத்திருக்கிறோம்.

ஆனால் ஒன்றில் எங்களுக்கு ஐயமில்லை. பத்து ஆண்டுகள் ஒரு குரலைக் கூர்ந்து கேட்டிருந்தமையால் அன்றோ, அது எதிரொலியா, மரத்தடிக் குரலா, கல்லுக்குள் சிக்கிய குரலா என்று பெரியவரால் நொடியில் பிரித்தறிய முடிந்தது? நாங்கள் கேட்டதோ வெறும் குரைப்பு. வீட்டில் ஒருவர் 'ஒன்றுமில்லை' என்று சொல்லும்போது, அது ஒன்றுமில்லாத 'ஒன்றுமில்லை'யா, பாறைக்குள்ளிருந்து வரும் 'ஒன்றுமில்லை'யா என்பதை அறியவும் இத்தகைய செவி வேண்டும். அச்செவி ஒரே நாளில் வாய்ப்பதன்று. நாள்தோறும் பொறுமையோடு கேட்டுக் கேட்டு வளர்வது. பதில் நின்றுபோன பின்னும் மணிக்கொருமுறை அழைத்துக்கொண்டிருக்கும் நாவும் அதனோடு வேண்டும்.